பூவனும் நேந்திரனும் ஒரே இனமா?

பூவன், ரஸ்தாளி, நேந்திரன், கற்பூரவள்ளி என எந்த வாழையைக் கேட்டாலும் ‘மூசா பாரடிசியாகா’ என்று அறிவியல் பெயர் எழுதிவிட்டுப் போகும் பழக்கத்தை இனியாவது விட வேண்டும். அது தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். 1759இல் ‘மூசா சேப்பியன்டம்’ என்று இன்னொன்றையும் வைத்தார். முன்னது நேந்திரன் மாதிரி சமைக்கும் வாழை, பின்னது ரஸ்தாளி வகை. இரண்டுமே தனி இனங்கள் அல்ல, கலப்புகள். விதை நிறைந்த காட்டு வாழைகளான மூசா அக்குமினாட்டாவும் (ஏ) மூசா பல்பிசியானாவும் (பி) கலந்து பிறந்தவை.

கலப்பின் அளவைக் கண்ணால் பார்த்தே கணிக்க சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1955இல் ஒரு மதிப்பெண் முறை தந்தார்கள். மொத்தம் 15 அடையாளங்கள். அக்குமினாட்டா போல இருந்தால் 1, பல்பிசியானா போல இருந்தால் 5, இடைப்பட்டவற்றுக்கு 2 முதல் 4. அசல் அக்குமினாட்டாவுக்கு 15 வரும், அசல் பல்பிசியானாவுக்கு 75. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் அடங்கும் ஏஏபி குழு (இரண்டு பங்கு ஏ, ஒரு பங்கு பி) ஏறத்தாழ 24–46. நெய்ப்பூவன் (ஏபி) 49. கற்பூரவள்ளி, மொந்தன் (ஏபிபி) 59–63.

தோட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது இலைக்காம்பின் குழி. விளிம்புகள் விரிந்து நின்றால் ஏ பக்கம், உள்ளே மடங்கி மூடினால் பி பக்கம். அடுத்து வாழைப்பூ மடல். விரிந்தபின் பின்னால் சுருண்டுகொண்டால் ஏ; சுருளாமல் தூக்கி மட்டும் நின்றால் பி. மடலின் உட்புறச் சிவப்பு அடிப்பக்கம் போகப்போக மஞ்சளாக வெளுக்கிறதா (ஏ), அடிவரை ஒரே சீராக இருக்கிறதா (பி) என்பதையும் பாருங்கள். பிஞ்சுக்குள் இருக்கும் சூல்களையும் (விதையாக வேண்டியவை) பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் ஒழுங்கான இரண்டு வரிசை என்றால் ஏ, ஒழுங்கற்ற நான்கு வரிசை என்றால் பி.

பலர் தடுமாறுவது தண்டின் நிறத்தில்தான். வெயிலும் நிழலும் வயதும் அதை மாற்றிவிடும். வாடிய மடலை வைத்துப் போடும் மதிப்பெண்ணும் தவறும். ஒரே மரத்தைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அதே வகையில் நன்கு விளைந்த சில மரங்களையாவது பாருங்கள்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. அது ஏ, பி விகிதத்தைத்தான் சொல்லும்; குரோமோசோம் தொகுதி இரண்டா மூன்றா என்பதை நேரடியாகச் சொல்லாது. செவ்வாழை ஏஏஏ, ஆனால் ஏஏ வாழைக்கும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்தான் வரும். அங்கே வேர்நுனியில் குரோமோசோம் எண்ண வேண்டும்: 22 என்றால் இருமடி (இரண்டு தொகுதி), 33 என்றால் மும்மடி (மூன்று தொகுதி). மும்மடியாவதால்தான் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. கன்று வழியாகவே தலைமுறை தலைமுறையாக வருகிறது. இரு இனங்கள் கலந்ததால் வாழையின் வம்சாவளியை ஒரே அடிமரத்திலிருந்து கிளை பிரிவதாக வரைவதே பிழை என்பேன். பிரிந்த கிளைகள் மறுபடி ஒட்டிக்கொண்ட கதை இது.

ஊர்ப்பெயரை மட்டும் எழுதினாலும் போதாது. நம் பூவனுக்குக் கேரளத்தில் பாளையங்கோடன் என்று பெயர்; அங்கே பூவன் என்றால் நம் ரஸ்தாளி. பெயர்ப்பலகையில் மூசா (ஏஏபி குழு) ‘பூவன்’ என்று எழுதி, பக்கத்தில் ஊரின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.