பில்லுக்குள்ளே ஒரு பட்ஜெட், கணக்குக் கேட்க ஆளில்லை

டெல்லியில் மின்சார பில் வந்தால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். யூனிட் எவ்வளவு என்று பார்ப்போம், அப்புறம் கண் நேராகக் கீழே கட்ட வேண்டிய தொகைக்கு இறங்கிவிடும். நடுவில் பொடி எழுத்தில் கிடக்கும் வரிகளை யாரும் சீண்டுவதில்லை. இந்தக் கோடையில் நான் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு ஏறிய ரத்தக் கொதிப்பு இன்னும் இறங்கவில்லை.

கணக்கைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள். நான்கு கிலோவாட் லோடு உள்ள சாதாரண வீடு, ஜூன் மாதம், ஒரே ஒரு ஏசி, 450 யூனிட். 2021 செப்டம்பர் கட்டண ஆணையின்படி நிலைக்கட்டணம் கிலோவாட்டுக்கு 50 வீதம் 200 ரூபாய். முதல் 200 யூனிட்டுக்கு 3 ரூபாய், அடுத்த 200-க்கு நாலரை, மிச்சம் 50-க்கு ஆறரை, ஆக 1,825. இரண்டும் சேர்ந்து 2,025 ரூபாய். இதுவரை சண்டை இல்லை. மின்சாரம் எரித்தேன், காசு கொடுக்கிறேன்.

இதற்கு மேல்தான் ஆரம்பம். பழைய பாக்கியை வசூலிக்க 8 சதவீத சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், 162 ரூபாய். பென்ஷன் அறக்கட்டளைக்கு 7 சதவீத சர்சார்ஜ், 141 ரூபாய் 75 காசு. பிபிஏசி என்று ஒன்று, மின்சாரம் வாங்கும் விலை ஏறினால் நம் தலையில் இறக்குவது. 2024 கோடையில் அது மட்டும் 35 சதவீதத்தைச் சுற்றி நின்றது. கடைசியில் மாநகராட்சிக்கு 5 சதவீத மின்வரி.

பிபிஏசியை விடுங்கள், அது தனி வயிற்றெரிச்சல். மின்வரியாவது நான் வரிதான் என்று பெயரைப் போட்டுக்கொண்டு வருகிறது. என் கோபமெல்லாம் நடுவில் இருக்கும் அந்த 15 சதவீதத்தின் மேல். அந்த 303 ரூபாய் 75 காசு நான் எரித்த மின்சாரத்தின் விலையே இல்லை. அரசு எப்போதோ எடுத்த முடிவுகளுக்கும், எடுக்காமல் தள்ளிப்போட்ட முடிவுகளுக்கும் ஆன செலவு. இதையே வரி என்று போட்டிருந்தால் சட்டசபையில் மசோதா வர வேண்டும், எதிர்க்கட்சி கத்த வேண்டும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்க்க வேண்டும். பில்லில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் இதில் எதுவும் வேண்டாம். கட்டாவிட்டால் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்கள், வசூலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எந்த நிதியமைச்சருக்கும் கிடைக்காது.

பென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன். 2002 ஜூலையில் அரசின் மின்வாரியமான டெல்லி வித்யுத் போர்டைப் பிரித்து, விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். போர்டு ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கு ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். மாற்றியது அரசு, வாக்குக் கொடுத்தது அரசு. அறக்கட்டளையில் பணம் போதவில்லை என்றதும் பில்லில் ஒரு சர்சார்ஜ் முளைத்தது. 2020-இல் 5 சதவீதம், 2021-இல் 7 சதவீதம்.

எங்கள் பிளாக்கில் போர்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். கும்பகோணம் பக்கம், போர்டுக்கு முன்னால் இருந்த டெசு நிறுவனத்தின் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். இதை அவரிடம் புலம்பினேன். "ஏம்ப்பா, என் பென்ஷன் மேலயா கண்ணு வைக்கிறே?" என்று முறைத்தார். "ஐயோ சார், உங்களுக்குச் சேர வேண்டியது கண்டிப்பா சேரணும். எவ்வளவு வசூலாகுது, எவ்வளவு அறக்கட்டளைக்குப் போகுது, இன்னும் எத்தனை வருஷத்துக்கு வேணும்னுதான் கேக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது எனக்கே தெரியாதே" என்றார். இதில் வேடிக்கை, அவர் வீட்டு பில்லிலும் அந்த 7 சதவீதம் உண்டு. ஏசி போட்டால் தன் பென்ஷனுக்குத் தானே சந்தா கட்டுகிறார் மனுஷன்.

அடுத்தது அந்த 8 சதவீதம். மூன்று விநியோக நிறுவனங்களுக்கு ஆன செலவு இவ்வளவு என்று, மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புக்கொள்ளும். ஆனால் அந்த அளவுக்குக் கட்டணத்தை ஏற்றாது. ஏற்றினால் அரசியலில் வம்பு. மிச்சத்தை நுகர்வோர் பாக்கி என்று எழுதி வைத்துவிடும். அதற்கு வட்டியும் ஓடும். இதைத் தீர்க்கத்தான் 2012-லிருந்து 8 சதவீதம் கட்டுகிறோம். அண்ணாச்சி கடையில் பற்று வைத்தால்கூட மாதக் கடைசியில் நோட்டைப் பிரித்துக் காட்டுவார். இங்கே நோட்டும் அவர்களிடம், பேனாவும் அவர்களிடம். இத்தனை வருடம் கட்டியும் 2024 மார்ச் முடிவில் மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து பாக்கி 27,200 கோடி ரூபாய்!

2025 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தீர்ப்பு சொன்னது. இப்படிப் பாக்கி மலைபோல் குவிந்தது ஒழுங்குமுறையின் தோல்வி என்றே எழுதியது. 2024 ஏப்ரலில் தொடங்கி அதிகபட்சம் ஏழு ஆண்டுகளில் தீர்க்க வேண்டும், வசூலிக்காமலே காலம் ஓடியது எப்படி என்று ஆணையங்கள் கடுமையான தணிக்கை நடத்த வேண்டும் என்றும் சொன்னது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தோற்றுப்போனது யார் என்று சொன்னார்களோ, தணிக்கையையும் அவர்களிடமே அல்லவா கொடுத்திருக்கிறார்கள்?

சரி, வேறு யார்தான் பார்க்கிறார்கள்? 2014 ஜனவரியில் அப்போதைய ஆம் ஆத்மி அரசு தலைமைக் கணக்குத் தணிக்கையாளரை விநியோக நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கச் சொன்னது. 2015 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கட்டணம் ஆணையத்தின் வேலை, அதை ஆணையம் பார்த்துக்கொள்ளும் என்ற போக்கில் போனது தீர்ப்பு. மின்சாரச் சட்டம் 2003-இன்படி ஆணையத்தின் சொந்தக் கணக்கை, அதாவது சம்பளம், நாற்காலி, கார் செலவை, தணிக்கையாளர் பார்க்கலாம். ஆணையம் ஓர் உத்தரவு போட்டு லட்சக்கணக்கான வீடுகளில் வசூலிக்க வைக்கும் பணத்தைப் பார்க்க முடியாது. என்ன அழகான ஏற்பாடு!

அந்த ஆணையமாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், 2023 ஜனவரியில் தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்தவரை யார் போடுவது என்று டெல்லி அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் மத்திய அரசுக்கும் மல்லுக்கட்டு. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஓய்வு பெற்ற நீதிபதி ஜெயந்த் நாத்தைத் தற்காலிகமாக நியமிக்க வேண்டி வந்தது. தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்த மாதங்களில் சர்சார்ஜ் ஒரு நாளாவது லீவு எடுத்ததா?

அரசு இதில் வெளி ஆளும் கிடையாது. மூன்று விநியோக நிறுவனங்களிலும் டெல்லி அரசுக்கு 49 சதவீதப் பங்கு உண்டு, இயக்குநர் குழுவில் இடம் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வெளியே மைக் பிடித்தால் மட்டும் ஆணையம் சுதந்திரமானது என்பார்கள். எந்தக் கட்சியும் விலக்கில்லை. எதிர்க்கட்சியாக இருந்தால் பகல் கொள்ளை, ஆளுங்கட்சியானால் சட்டப்படியான வசூல்.

மானியம் இருக்கிறதே என்பீர்கள். 200 யூனிட் வரை இலவசம், 400 வரை பாதி, அதிகபட்சம் 800 ரூபாய். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அது பட்ஜெட்டில் வருகிறது, சட்டசபையில் பேசுகிறார்கள், டிவியில் அடித்துக்கொள்கிறார்கள். கொடுக்கும் பணத்துக்கு இத்தனை விளம்பரம், எடுக்கும் பணத்துக்கு எட்டாவது வரியில் பொடி எழுத்து. 45 டிகிரி வெயிலில் 401-வது யூனிட்டைத் தொட்டால் மானியம் போய், எல்லா சர்சார்ஜும் முழுசாக நம் மேல் விழும்.

வாடகைக்கு இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். ராஜிந்தர் நகரில் நம் ஊரிலிருந்து ஐஏஎஸ் தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டோ ஒன்பதோ தனக்குத் தோன்றிய ரேட்டில் வாங்கிக்கொள்கிறார். அந்தப் பிள்ளைகள் கண்ணுக்கு பில்லே படுவதில்லை. ராத்திரியெல்லாம் அரசியல் சாசனப் பிரிவு 148 முதல் 151 வரை, தணிக்கையாளரின் அதிகாரங்கள் என்று மனப்பாடம் செய்கிறார்கள், பாவம், அந்த அதிகாரம் எட்டாத ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து.

நானும் கேட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர் மையத்தில் இருந்த பெண் மரியாதையாகவே, "இது மேலிடத்து உத்தரவு சார், நாங்க வசூல் மட்டும்தான்" என்றார். மேலிடம் என்று காட்டப்பட்ட அலுவலகத்தில், விவரமெல்லாம் கட்டண ஆணையில் இருக்கிறது என்றார்கள். இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில், அட்டவணை மேல் அட்டவணையாக. என் 141 ரூபாய் 75 காசு எங்கே போனது என்று அதில் தேடிக் கண்டுபிடிக்க சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் வேண்டும்.

27,200 கோடியும் எப்படியும் நம்மிடம்தான் வரப் போகிறது. பில் வழியாக வரும், இல்லாவிட்டால் பட்ஜெட் வழியாக வரும். பட்ஜெட் வழியாக வரட்டும் என்பது என் கட்சி, அங்கேயாவது யாராவது எழுந்து நின்று கேட்பார்கள். முடியாது, பில்தான் என்றால், ஏசியை 24 டிகிரியில் வையுங்கள் என்று உபதேசம் அச்சிட அந்தக் காகிதத்தில் இடம் இருக்கிறதல்லவா, அங்கே இரண்டு வரி போடுங்கள். இந்த ஆண்டு பென்ஷன் சர்சார்ஜ் வசூல் இவ்வளவு, அறக்கட்டளைக்குப் போனது இவ்வளவு. ஏப்ரலில் பாக்கி இவ்வளவு, மார்ச்சில் இவ்வளவு. அச்சடிக்கச் செலவாகும் என்றால் அதற்கும் ஒரு சர்சார்ஜ் போட்டுக்கொள்ளுங்கள், கட்டித் தொலைக்கிறேன்.