வாளியில் செத்த நத்தை வயலில் சாகாது

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள்? பார்த்தாகிவிட்டது. வாளி நிறைய ஆப்பிள் நத்தை, நெல்வயலில் இளநாற்றைத் தின்று தீர்க்கிறதே அதுதான். மேலே ஒரு லிட்டர் பச்சைக் கஷாயம். வெட்டி ஒட்டிய அடுத்த காட்சியில் ஒன்றுகூட அசையவில்லை. "ஏக்கருக்குப் பத்து லிட்டர் போதும், முழுக்க இயற்கை, பக்க விளைவே கிடையாது." கீழே வரிசையாகக் கும்பிடு. நான் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: வயலில் எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர்? அதற்குக் கிடைத்த பட்டம், மருந்துக் கம்பெனி கைக்கூலி. சரி, கைக்கூலியே பேசுகிறேன், கேளுங்கள்.

நத்தை கிடப்பது தண்ணீரில். மருந்து வேலை செய்ய வேண்டியதும் தண்ணீரில். அதனால் கணக்கு ஏக்கருக்கு இல்லை, தண்ணீருக்கு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 5 செ.மீ. தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர். 3 செ.மீ. என்றால் 1,21,000 லிட்டர். வாளியில் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் கஷாயம் ஊற்றினார்கள். வயலில் 2 லட்சம் லிட்டருக்குப் பத்து லிட்டர் ஊற்றச் சொல்கிறார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு நீர்த்துப்போன சரக்கு அது. நத்தைக்கு வாசனைகூடத் தெரியாது.

வாளியிலாவது உண்மையிலேயே செத்ததா? அதுவும் சந்தேகம்தான். ஆப்பிள் நத்தைக்கு வாசலில் கெட்டியான மூடி உண்டு. பிடிக்காத எதுவாவது தண்ணீரில் கலந்தால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கும். இல்லையென்றால் மேலே ஏறிவிடும். செவுளோடு நுரையீரலும் இருக்கும் பிராணி, காற்றைச் சுவாசித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும். மூடிய நத்தையைச் செத்த நத்தை என்று எண்ணித்தான் பாதி வீடியோக்கள் ஓடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் 24 மணி நேரம் மருந்துத் தண்ணீரில் வைத்து, பிறகு நல்ல தண்ணீருக்கு மாற்றி இன்னொரு 24 மணி நேரம் பார்க்கிறார்களே, சும்மா பொழுது போகாமலா? மூடிக்கொண்டது திறந்து நடக்கிறதா என்று பார்க்கத்தான்.

"ஆய்வுக்கூடம் வேறு, வயல் வேறு" என்று ஒருவர் பாடம் எடுத்தார். சரி, வரப்பிலேயே செய்யுங்கள். நாலு வாளி, ஒவ்வொன்றிலும் உங்கள் வயல் தண்ணீரே பத்து லிட்டர், அடியில் கொஞ்சம் சேறு, பத்துப் பத்து நத்தை. முதல் வாளியில் ஒன்றும் போடாதீர்கள். மற்ற மூன்றில், நீங்கள் மருந்தாகப் போட நினைக்கும் செடியைக் காயவைத்து அரைத்த பொடி அரை கிராம், 1 கிராம், 2 கிராம். வாயை வலையால் கட்டுங்கள், இல்லையென்றால் விடிவதற்குள் பாதி வெளியே போயிருக்கும். சிறியதும் பெரியதும் ஒரே வாளியில் வேண்டாம். சிறியது சாகும் அளவில் பெரியது சாகாமல் இருக்கலாம். 24 மணி நேரம், பிறகு நல்ல தண்ணீரில் 24 மணி நேரம். மூடி தளர்ந்து, உடம்பைக் குத்தினாலும் உள்ளே இழுக்காமல் இருந்தால்தான் அது செத்தது. முதல் வாளியிலேயே சாவு விழுந்திருந்தால் சோதனையே செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும். 1 கிராம் வாளியில் எல்லாம் செத்திருந்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம். 3 செ.மீ. தண்ணீர் நிற்கும் ஏக்கருக்குப் பன்னிரண்டு கிலோ பொடி. பத்து லிட்டர் கஷாயம் எங்கே, இது எங்கே?

பன்னிரண்டு கிலோவை வயல் முழுக்கக் கொட்டவும் வேண்டாம். கடைசிப் பரம்படித்து மண்ணைச் சமன்செய்ததும் வரப்போரமாகச் சுற்றிலும், நடுவில் 10 முதல் 15 மீட்டருக்கு ஒன்றாகவும், 25 செ.மீ. அகலம் 5 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால்போலச் சின்னச் சால் இழுத்துவிட்டுத் தண்ணீரை வடியுங்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறைதான். மேடு காய்ந்துவந்தால் நத்தை தண்ணீர் இருக்கும் சாலுக்கு வந்துசேரும். சதுரமான ஏக்கரில் சுற்றுச் சாலும் உள்ளே ஐந்து சாலும் சேர்த்து ஏறத்தாழ 570 மீட்டர். நிற்கும் தண்ணீர் 7,000 லிட்டர்தான். அதே 100 மில்லிகிராமுக்கு 700 கிராம் பொடி போதும். பன்னிரண்டு கிலோவும் எழுநூறு கிராமும்! இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது எந்த மூலிகையும் இல்லை, மண்வெட்டி. பாதியைக் கையாலேயே பொறுக்கிவிடலாம், பப்பாளி இலையைச் சாலில் போட்டுவைத்தால் அதில் வந்து மொய்க்கும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள், வெறுங்காலோடு இறங்காதீர்கள். ஓடு கிழிக்கும் என்பதற்காக மட்டும் இல்லை, மூளையைத் தாக்கும் எலி நுரையீரல் புழுவை இந்த நத்தை சுமக்கும்.

பொடி போடுவது சாயங்காலம். இரவில்தான் அது அதிகம் நடமாடும். தண்ணீர் உள்ளே வரும் வாய்மடையில் கம்பிவலை இல்லாமல் இதையெல்லாம் செய்வது வீண், அடுத்த பாய்ச்சலிலேயே புதுக் கூட்டம் வந்து இறங்கும். தண்ணீர் வெளியேறும் வடிமடையை அடைத்துவையுங்கள், மழை வரும்போல இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

வடிமடையை ஏன் அடைக்க வேண்டும்? "பக்க விளைவே கிடையாது" என்றார்களே, அங்கே வருகிறேன். பூந்திக்கொட்டை, தேயிலை விதைப் புண்ணாக்கு எல்லாவற்றிலும் வேலை செய்வது சபோனின் என்ற நுரைக்கும் பொருள். இறால் குளத்தில் தேயிலை விதைப் புண்ணாக்கு எதற்குப் போடுகிறார்கள் தெரியுமா? வேண்டாத மீனைக் கொல்ல. செவுளைத் தாக்கும் பொருள், நத்தை எது மீன் எது என்று விசாரித்துக்கொண்டிருக்காது. சிதையச் சில நாள் ஆகும். அதற்குள் வாய்க்காலில் திறந்துவிட்டால் கீழே குளத்தில் மீன் மிதக்கும். செடியிலிருந்து வந்தால் விஷம் இல்லையா? அரளிக்கொட்டை எங்கிருந்து வருகிறது, தொழிற்சாலையிலிருந்தா?

"அப்போ ரசாயனம் நல்லதா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். எங்கே சொன்னேன்? நத்தைக்குப் போடும் ரசாயன மருந்தான நிக்ளோசமைடும் மீனைக் கொல்லும். எண்பதுகளில் பிலிப்பைன்ஸில் இந்த நத்தைக்கு வெள்ளீயச் சேர்மத்தையே வயலில் கொட்டினார்கள். அது எவ்வளவு கெட்டது என்பது, உங்கள் கஷாயத்தை அளக்காமல் ஊற்றுவதற்குச் சான்றிதழ் இல்லை.

"நம் முன்னோர்கள்..." தயவுசெய்து வேண்டாம். தென் அமெரிக்காவில் கிடந்த நத்தை. 1980 வாக்கில் உணவுக்கு வளர்க்கலாம் என்று தைவானுக்குக் கொண்டுபோய், அங்கிருந்துதான் ஆசிய வயல்களில் பரவியது. முன்னோர்கள் பார்த்தே இராத ஒன்றுக்கு முன்னோர் வைத்தியம் எங்கிருந்து வந்தது?

வாத்து விடலாமே என்பவர்களுக்கு: விடலாம், பயிர் வேர்பிடித்துத் திடமான பிறகு. நத்தை தின்பதோ இளநாற்றை. அதனால்தான் 25, 30 நாள் நாற்றாக நடச் சொல்வது.

நான் தாவர மருந்துக்கு எதிரி என்று எழுதியவருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில். 1964இல் எத்தியோப்பியாவில் அக்லிலு லெம்மா என்ற விஞ்ஞானி, எண்டோட் என்ற செடியின் காயால் துணி துவைக்கும் இடத்தில் நத்தைகள் செத்துக்கிடப்பதைக் கவனித்தார். சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணிப் புழு நோயை மனிதருக்குப் பரப்பும் நத்தைகள் அவை. அதோடு வீடியோ எடுத்து முடித்துக்கொள்ளவில்லை, அதன் பின்னால் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். அந்தக் காயைப் பச்சைத் தண்ணீரில் நசுக்கினால் அதிலுள்ள நொதி சபோனினை நத்தை கொல்லும் வடிவத்துக்கு மாற்றுகிறது. கொதிக்கவைத்தால் நொதி போச்சு, மருந்தும் போச்சு. பூந்திக்கொட்டை அப்படியில்லை, வெந்நீரிலும் நன்றாக இறங்கும். உங்கள் வீடியோக்காரர் எல்லாச் செடியையும் ஒரே பானையில் இரண்டு மணி நேரம் காய்ச்சுகிறார். நுரை வருகிறது பாருங்கள் என்கிறார். நுரை சபோனின் இருப்பதைச் சொல்லும், கொல்லும் வகையா என்பதைச் சொல்லாது. இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறவன் செடிக்கு எதிரியாம்!

முட்டையைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. தண்டிலும் வரப்பிலும் தண்ணீருக்கு மேலே ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புக் கொத்துக்குத் தண்ணீரில் கலந்த எந்தக் கஷாயமும் எட்டாது. குச்சி நட்டுவைத்தால் அதில் வந்து இடும், எடுப்பது சுலபம். புதுக் கொத்தைத் தண்ணீருக்குள் தள்ளினால் மூச்சுமுட்டி அழியும். வெளுத்துப்போனது பொரிக்கப் போகிறது, அதைத் தண்ணீரில் தள்ளினால் குஞ்சுக்கு வழி காட்டியதுபோல் ஆகும். நசுக்குங்கள்.

புகையிலைக் கஷாயத்துக்கு அளவு கேட்டு உள்பெட்டியில் மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும், ஈரப் புகையிலையைக் கையாண்டதற்கே வாந்தியும் தலைசுற்றலும் வரும். இலைக்கு இலை அதன் வீரியமும் மாறும். அதைக் கரைத்த தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கி நாற்று நடப்போவது வீடியோ எடுத்தவர் இல்லை.