ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்

நேற்று பழைய புத்தகக் கடையில் இரண்டு தடிப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். ஒன்று ஆவணப்பட வரலாறு. இன்னொன்று அந்தக்கால அனிமேஷன் படங்களின் வரலாறு. பையில் இருந்த காசு ஒன்றுக்குத்தான் காணும்.

மனசு அனிமேஷன் பக்கம்தான் சாய்ந்தது. 1914இல் வின்சர் மெக்கே 'கெர்ட்டி' என்ற டைனோசரை ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்த கதையை யார் சொன்னாலும் வாய் பிளந்து கேட்கிற ஆள் நான். ஒவ்வொரு தாளிலும் பாறை, மரம், ஏரி எல்லாவற்றையும் மறுபடி மறுபடி வரைய வேண்டும். அதற்கென்றே ஓர் உதவியாளர், பாவம்.

ஆனாலும் வாங்கியது ஆவணப்படப் புத்தகத்தை. கெர்ட்டி திட்டு வாங்கி அழும்போது, இது யாரோ வரைந்தது என்று குழந்தைக்கும் தெரியும். ஆவணப்படத்தில் அது தெரியாது. கல்லூரி நாட்களில் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) பார்த்துவிட்டு, எஸ்கிமோ வாழ்க்கையையே நேரில் பார்த்த மாதிரி ஊரெல்லாம் பேசித் திரிந்தேன். படத்தின் நாயகன் நானூக்கின் நிஜப்பெயர் அல்லகாரியல்லக் என்பதே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. பனிவீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் வெளிச்சமும் போதவில்லை என்று, ஒரு பக்கம் திறந்த வீடாகக் கட்ட வைத்திருக்கிறார் படத்தின் இயக்குநர் ஃபிளாஹர்ட்டி. போர்வைக்குள்ளிருந்து அந்தக் குடும்பம் எழுந்திருக்கும் காட்சி ஞாபகமிருக்கிறதா? எழுந்தது திறந்தவெளிக் குளிரில். துப்பாக்கி பழகிவிட்டவர்களின் கையில் ஈட்டியைக் கொடுத்து வேட்டைக்கு அனுப்பியதும் அவர்தான். படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இதெல்லாம் பிடிபடாது. யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு.

அதற்காக இந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடவும் முடியவில்லை. 1915இல் லூசிட்டானியா கப்பல் மூழ்கியதை எவரும் படம்பிடிக்கவில்லை. சுமார் 25,000 ஓவியங்களில் அதை வரைந்தே காட்டினார் அதே மெக்கே. 1918இல் படம் வெளிவந்தது. அது கார்ட்டூனா, ஆவணப்படமா? கடையிலேயே இரண்டு புத்தகங்களின் பின்பக்கச் சொல்லடைவையும் புரட்டினேன். அனிமேஷன் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. நான் வாங்கியதில் ஒரு வரி இல்லை. காந்தியைப் பற்றி 1940இல் ஆவணப்படம் தந்த ஏ.கே. செட்டியாரும் இல்லை. அது தனி வயிற்றெரிச்சல்.

சரி, அந்த இன்னொரு புத்தகத்தை மேசைக்கு அடியில் எடுத்துவைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஒன்றாம் தேதி வரைக்கும்தானாம்.