எல்லாமே பிடிக்கிற பிள்ளை எந்தக் கலைக் கல்லூரிக்குப் போவது?

அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஓவியக் கல்லூரிதான் என்று ஒற்றைக் காலில் நின்று வீட்டில் பாதிச் சண்டையை ஜெயித்துவிட்டாள். மீதிச் சண்டை எந்தப் பிரிவு என்பதில். படம் வரைவாள், களிமண் கிடைத்தால் விடமாட்டாள், ஆறு வருடமாக மிருதங்கம், போனில் குட்டிக் குட்டியாக வீடியோ எடுத்து அவளே எடிட் செய்வாள், போதாததற்கு உருளைக்கிழங்கை வெட்டி அச்சாக்கி அக்காவின் பழைய சேலைகளில் குத்தி வைத்திருக்கிறாள். "சித்தி, எல்லாமே பிடிக்குது, நான் என்ன செய்ய?" என்கிறாள். அக்காவோ, "ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு காலுன்னு நிக்கிறா, நீயாவது எடுத்துச் சொல்லுடி" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

நான் இதில் சூடு கண்ட பூனை. எனக்கும் அந்த வயதில் எல்லாம் பிடித்தது. அதனாலேயே ஒரு தனியார் கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், சேர்ந்தேன், ஏனென்றால் அவர்கள் அச்சடித்துக் கொடுத்த புத்தகத்தில் எல்லாமே இருந்தது: ஓவியம், போட்டோ, விளம்பரம், சினிமா, அனிமேஷன். மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் ஒரு செமஸ்டர் ஒரு செமஸ்டராகத் தொட்டுவிட்டு வந்தோம். கேமரா பீரோவுக்குள், சாவி துறைத் தலைவரிடம், அவரிடம் வாங்க ஒரு கடிதம், கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் எப்போதும் லீவு. இருட்டறை என்று காட்டிய அறையில் விடைத்தாள் கட்டுகள் அடுக்கியிருந்தன. இன்றைக்கும் "எல்லாம் சொல்லித் தருகிறோம்" என்று ஒரு கல்லூரி விளம்பரம் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

அதனால் அவளிடம் 'எது உனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று நான் கேட்கவே இல்லை. பதினேழு வயதில் அதற்குப் பதில் கிடையாது, கிடைத்தாலும் அடுத்த வாரம் மாறிவிடும். 'இதில் எதையெல்லாம் நம் வீட்டில் செய்ய முடியாது' என்று கேட்டேன். வரைய ஒரு நோட்டும் பென்சிலும் போதும். வீடியோவுக்கு போன் இருக்கிறது. மிருதங்கத்துக்கு நல்ல வாத்தியார் ஒருவர் போதும், பட்டம் வேண்டியதில்லை. ஆனால் சூளையை வீட்டில் வைக்க முடியுமா? அமிலத்தில் அரிக்கவிட்ட தகட்டில் மை தடவிப் படம் அச்செடுக்கிற எட்சிங் பிரஸ்? கருங்கல்லை ஹாலில் போட்டு உளியால் கொத்தினால் கீழ்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? நாலு வருடக் காசும் காலமும் அந்த மாதிரி விஷயத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. மற்றதெல்லாம் நாய்க்குட்டி மாதிரி தானாகப் பின்னால் வரும்.

இப்படிப் பார்த்தால் கல்லூரிகளின் முகமே மாறிவிடுகிறது. சென்னை எழும்பூர்ப் பக்கம் பெரியார் சாலையில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கியது. ஓவியம், சிற்பம், பீங்கான், துணி வடிவமைப்பு, அச்சோவியம் என்று கைவேலைப் பட்டறைகள்தான் அதன் உயிர். மாமல்லபுரத்து அரசுக் கல்லூரிக்குப் போனால் கல், உலோகம், மரம், சுதை என்று மரபுச் சிற்பத்தை முறையாகப் படிக்கலாம். ஆனால் அங்கே இலக்கணம் முக்கியம், தாளமானம் என்கிற சிலை அளவுக் கணக்கு பிடிபடாமல் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. அது வேறு வகைப் பிள்ளைக்கு. சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலாபவனமும் அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யும் முதலில் ஒரு அடித்தளப் படிப்பு வைத்து, எல்லாவற்றிலும் கை வைக்கவிட்டு, பிறகு பிரிப்பார்கள். இவளைப் போன்ற பிள்ளைக்கு அது வரப்பிரசாதம். என்ன, அரசுக் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் என்.ஐ.டி. மலைக்கும் மடுவுக்கும். அக்கா வீட்டு நிலைமைக்கு அது சரிவராது.

'ஒண்ணுல நில்லு' என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அந்தச் சென்னைக் கல்லூரியை 1957 வரை ஏறத்தாழ முப்பது வருடம் நடத்தியவர். சிற்பி, ஓவியர், போதாதென்று குஸ்தி, புல்லாங்குழல், வங்காளியில் கதை வேறு. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியபோது நிலம் வாங்கக் கை கொடுத்தது ஓவியம் விற்ற காசு இல்லை. ஓவியர்களும் சிற்பிகளும் மெழுகு பூசிச் சாயம் ஏற்றுகிற பத்திக் துணி, கைவினைப் பொருள் என்று செய்து விற்ற காசு. சேலையில் அச்சுக் குத்துகிற பிள்ளையைத் திட்டுகிற அக்காவுக்கு இதைத்தான் போனில் வாசித்துக் காட்டினேன். "அவங்க பெரிய ஆளுங்கடி" என்று வைத்துவிட்டாள்.

போன மாதம் தெரிந்த பிள்ளை ஒருத்தி படிக்கும் கல்லூரிக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் பக்கமே போகவில்லை, நேராகக் கொட்டகைகளுக்குப் போனோம். பிரஸ் சக்கரத்தில் சிலந்தி வலை இருக்கிறதா, கடைசியாகச் சூளை எப்போது எரிந்தது, ஓவியப் பிரிவுப் பிள்ளை சாயங்காலம் வந்து பீங்கான் கொட்டகையில் உட்கார்ந்தால் விரட்டுவார்களா, நான் பார்த்தது இதை மட்டும்தான். அப்புறம் கடைசி வருடப் பிள்ளைகளின் வேலைகள். எல்லாமே வாத்தியார் கை மாதிரி இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இங்கே அப்படி இல்லை. ஒரு பையன் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஒன்றை ஒரு குவளைக்குப் பூசிக்கொண்டிருந்தான். "இது என்ன கலர் வரும்?" என்று இவள் கேட்டாள். "பச்சை வரணும், 1,200 டிகிரி ஏறி இறங்கினாத்தான் தெரியும், போன தடவை ஏமாத்திருச்சு" என்று சிரித்தான். பக்கத்தில் அவன் ஏமாந்த குவளைகள் ஏழெட்டு, ஒன்றில் பென்சில் சொருகியிருந்தது. இவள் அதில் ஒன்றைக் கையில் எடுத்தவள், அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை.

வேலை கிடைக்குமா என்று கேட்பீர்கள். விஸ்காம் படித்த நான் இன்றைக்குப் பார்ப்பது அக்கவுண்ட்ஸ் வேலை, அதனால் என்னிடம் கேட்காதீர்கள்.

இப்போது பீங்கான் பிரிவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. நுழைவுத் தேர்வுக்காகத் தினமும் தாம்பாளம், தேங்காய், சுருட்டிய துணி எல்லாம் கூடத்தில் பரப்பி வைத்து வரைகிறாள். அந்தத் தேங்காயைச் சட்னிக்கு எடுத்ததில் ஒரு நாள் ரகளை. நேற்று அக்கா போன் செய்தாள். "சூளை வீட்டுல வைக்க முடியாதுன்னு சொன்னியாமே? இவ மொட்டை மாடியில டேப்பு புடிச்சு அளந்துட்டு இருக்கா, செங்கல் என்ன விலைன்னு கொத்தனாருக்குப் போன் போட்டுட்டா, வந்து நீயே பேசிக்கோ."