அம்மை போட்டா நைட் பஸ் ஏறணுமாம்

எங்க ஹாஸ்டல்ல ஒருத்திக்கு அம்மை போட்டுச்சுன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவ்ளோதான். மொத்த மெடிக்கல் பாலிசியும் அந்த ஒரு வரிதான். காய்ச்சல் அடிக்குது மேம், முதுகெல்லாம் கொப்புளமா இருக்குன்னு வார்டன்கிட்ட போய் நின்னேன், அந்தம்மா ரெண்டடி பின்னாடி போய் முந்தானைய மூக்குல வச்சுக்கிட்டு கேட்ட முதல் கேள்வி, "உங்க ஊருக்கு நைட் எத்தன மணிக்குமா பஸ்ஸு?"

எங்க ஊர் தென்காசி பக்கம். சென்னைல இருந்து ராத்திரி பூரா போகணும். ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடின ஏசி ஸ்லீப்பர்ல, மூக்கொழுகுற குழந்தைய மடில போட்டுட்டு யாராவது வருவாங்க, மாசமா இருக்கவங்க வருவாங்க, கேன்சருக்கு மருந்து எடுத்துட்டு திரும்பி ஊருக்கு போறவங்க வருவாங்க, இவங்க நடுவுல நான் போர்வைய இழுத்து போத்திக்கிட்டு இருமிக்கிட்டே போகணுமாம். சின்னம்மை காத்துலயே பரவுற வைரஸ்ங்க. கொப்புளம் கண்ணுக்கு தெரியறதுக்கு ஒன்னு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு ஒட்ட ஆரம்பிச்சிடும், அப்புறம் கடைசி கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் ஒட்டும். போதாக்குறைக்கு வீட்ல மதினிக்கு ஏழாம் மாசம், அவங்களுக்கு சின்ன வயசுல அம்மை வந்துச்சா இல்லையான்னு அவங்க அம்மாவுக்கே ஞாபகம் இல்ல. மாசமா இருக்கறப்ப வந்தா நிமோனியா வரைக்கும் போகலாம், பிரசவ நேரத்துல வந்தா பொறக்கற குழந்தைக்கே ஆபத்து. இதையெல்லாம் எடுத்து சொன்னா மேடம் சொல்றாங்க, "அது உங்க ஃபேமிலி மேட்டர்மா, எனக்கு மத்த பிள்ளைங்க முக்கியம்." அப்ப நான் யாரு மேம்? வருஷத்துக்கு லட்ச ரூபாய்க்கு மேல கட்டறப்ப மட்டும் நானும் உங்க பிள்ளையா?

அப்பா போன்ல கத்தி, எச்ஓடி சார்கிட்ட பேசி, கெஞ்சி, கடைசில கிரவுண்ட் ஃப்ளோர்ல மெஸ்ஸுக்கு பின்னாடி இருக்கற ஸ்டோர் ரூம தொறந்து விட்டாங்க. உள்ள துருப்பிடிச்ச கட்டில அடுக்கி வச்சிருக்காங்க, கால் ஒடிஞ்ச பிளாஸ்டிக் சேரு, போன வருஷ ஆயுத பூஜை தோரணம், ஒரு மூலைல எலி கடிச்ச மெத்தை. ஃபேனு சுத்துது, ஆனா சத்தம் மட்டும்தான் கீழ வருது, காத்து வரல. சரி, படுக்க இடம் கிடைச்சுதேன்னு இருந்தா பாத்ரூம் இல்ல. காரிடார் கடைசில இருக்கற பொது பாத்ரூம்தான், அதுவும் "எல்லாரும் குளிச்சு முடிச்சு பத்து மணிக்கு மேல போம்மா"ன்னு உத்தரவு. அதுவரைக்கும்? அதுவரைக்கும் அடக்கிக்கணும், வேற என்ன.

இதுக்கே கோவம் வருதுன்னா அடுத்தத கேளுங்க. ராத்திரி எட்டு மணிக்கு பயோமெட்ரிக். தனியா இருன்னு சொன்ன அதே வாய்தான் "விரல் வைக்கலன்னா சிஸ்டம்ல ஆப்சென்ட் விழும், அப்புறம் உங்க பேரன்ட்ஸ்க்கு ஆட்டோமேட்டிக்கா மெசேஜ் போயிடும்"னு சொல்லுது. அம்மை கொப்புளம் உள்ளங்கைல, விரல்ல கூட வரும்ங்க, எனக்கு ஆள்காட்டி விரல் நுனில ஒன்னு, தொட்டா உசுரு போற வலி. அந்த விரல, நானூறு பொண்ணுங்க வரிசையா நின்னு வைக்கிற அதே கண்ணாடில நானும் போய் அழுத்தி வைக்கணும். மொத தடவை எடுக்கல, "பிளீஸ் ட்ரை அகெய்ன்"னு அந்த மெஷின் பொம்பள குரல்ல சொல்லுது, திரும்பவும் வை, திரும்பவும் "பிளீஸ் ட்ரை அகெய்ன்". பின்னாடி நிக்கிறவளுங்க எல்லாம் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கறாளுங்க, அவளுங்கள சொல்லி குத்தமில்ல. மெஷினுக்கு பக்கத்துல கொரோனா சமயத்துல வாங்கி வச்ச, கால்ல மிதிக்கிற சானிடைசர் ஸ்டாண்டு இருக்கு, பாட்டில் கிடையாது. மிதிச்சா டொக்குன்னு ஒரு சத்தம் வரும்.

கொரோனான்னதும் ஞாபகம் வருது. 2020 டிசம்பர்ல சென்னை ஐஐடி வளாகத்துல நூறு பேருக்கும் மேல தொற்று வந்துச்சே, மெஸ்ஸுல ஒன்னா உக்காந்து சாப்பிட்டது மேல எல்லாருக்கும் சந்தேகம் வந்துச்சு, மெஸ்ஸ மூடிட்டு ரூமுக்கே பார்சல் சாப்பாடு கொடுத்தாங்க. தமிழ்நாட்டுல இருக்க ஒவ்வொரு காலேஜும் அன்னிக்கு பேப்பர படிச்சிருக்கும். எங்க ஹாஸ்டல்லயும் அப்ப க்வாரன்டைன் பிளாக்னு ஒன்னு இருந்துச்சாம், சீனியர் அக்காங்க சொல்வாங்க. இப்ப அது "எக்ஸிகியூட்டிவ் ஏசி ரூம்ஸ்", ஃபீஸ் டபுள்.

சாப்பாடு கதை தனி. வாய்க்குள்ள புண்ணு, எச்சி முழுங்கவே முடியல, வருது பாருங்க தட்டுல காரக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும். கொஞ்சம் கஞ்சி, இல்லன்னா மோர் சாதம் கிடைக்குமான்னு மெஸ் அண்ணன்கிட்ட கேட்டேன், அவர் பாவம் நல்ல மனுஷன், "சூப்பர்வைசர் சார் லெட்டர் கேப்பாரு பாப்பா"ன்னுட்டார். லெட்டர் எழுதி வாட்ஸ்அப்ல அனுப்பினா செல்லாது, ஆபீஸ்ல நேர்ல வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து போடணுமாம். ஏங்க, நேர்ல வரக்கூடாதுன்னுதானே என்ன பூட்டி வச்சிருக்கீங்க?! அந்த ஆபீஸ் அக்காவுக்கே இன்னும் அம்மை வந்ததில்லையாம், அவங்க பயந்துபோய் "நீ வராத தாயி, நானே உன் கையெழுத்த போட்டுக்கறேன்"னு சொல்லி முடிச்சு விட்டாங்க. அந்த ஹாஸ்டல்லயே மூளைய யூஸ் பண்ண ஒரே ஆள் அவங்கதான்.

மருந்துலயும் இதே கூத்து. "அம்மைக்கு மாத்திர போடக்கூடாதும்மா, ஆத்தா கோச்சுக்குவா, வேப்பிலைய தடவு"ன்னு வார்டன் மேடம் அட்வைஸ். பெரியவங்களுக்கு வந்தா குழந்தைங்கள விட கடுமையா இருக்கும், அசைக்ளோவிர்ங்கற வைரஸ் மாத்திரைய கொப்புளம் வந்த 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும்னு டாக்டர் சொன்னார். எங்க இருந்து 24 மணி நேரம், அவுட் பாஸ் வாங்கவே ஒரு நாள் ஓடிப்போச்சு, அப்பா நம்பர்ல இருந்து மெசேஜ் வரணும், கிளாஸ் அட்வைசர் சைன், எச்ஓடி சைன். இன்னொன்னு, ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல இருக்கற ஏதாவது வலி மாத்திரைய எடுத்து போட்டுடாதீங்க. அம்மைல ஆஸ்பிரின் ஆகாது, ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்தான்னு டாக்டர் அழுத்தி சொன்னார்.

ஆனா ஒன்னு சொல்றேன், மருந்து விஷயத்துல எங்க ஆச்சியோட எனக்கு ஒத்து போகாதுன்னாலும் அந்த காலத்து முறைல ஒரு ஒழுங்கு இருந்துச்சு. வாசல்ல வேப்பிலை சொருகிட்டா ஊருக்கே தெரியும், வெளியாள் உள்ள வர மாட்டான், வீட்ல தாளிக்க மாட்டாங்க, இளநீ, கூழு, மோருன்னு வேளாவேளைக்கு வரும், ஏற்கனவே அம்மை வந்து போன ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்குவாங்க, தலைக்கு தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் எந்த வேலையும் சொல்ல மாட்டாங்க. ஏர் கண்டிஷன் ஆடிட்டோரியம் கட்ட தெரிஞ்ச இவங்களுக்கு இந்த கூறு இல்ல.

இப்ப எல்லாரும் என்னைய குறுகுறுன்னு பாக்கறாளுங்க, நான்தான் கொண்டு வந்தேனாம். ஃப்ளோர் குரூப்ல "பாக்ஸ் குயின்"னு ஸ்டிக்கரே ஓடுது. உண்மை என்னன்னா எனக்கு முன்னாடியே எங்க காரிடார்ல ஒரு அக்காவுக்கு வந்துருச்சு. ஃபைனல் இயர், பிளேஸ்மென்ட் இன்டர்வியூ நேரம். வெளிய சொன்னா அன்னிக்கே பஸ் ஏத்தி விட்டுருவாங்கன்னு ஃபவுண்டேஷன அப்பிக்கிட்டு, ஃபுல் ஹேண்ட் சுடிதார் போட்டுக்கிட்டு மெஸ்ஸுல எல்லாரோடயும் உக்காந்து சாப்பிட்டாங்க. நான் அவங்கள திட்ட மாட்டேன். 75 பர்சன்ட் அட்டெண்டன்ஸ்னு ஒரு கத்தி, இன்டர்னல் மார்க்னு ஒரு கத்தி, கம்பெனி வர்ற தேதின்னு ஒரு கத்தி, இத்தனையையும் கழுத்துல வச்சுட்டு "நேர்மையா சொல்லு"ன்னா எவ சொல்லுவா? இவங்க போட்ட ரூல்தான் நோய மறைக்க வைக்குது, மறைச்ச நோய்தான் மாடி மாடியா ஏறுது. தொத்துன நாள்ல இருந்து வெளிய தெரிய 10 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் ஆகும், அதனால என் ரூம்மேட்டுங்க எப்பவோ வாங்கியிருப்பாங்க. அவங்கள்ல யாருக்கு முன்னாடி வந்திருக்கு, யார் ஊசி போட்டிருக்காங்கன்னு ஒரு லிஸ்ட் எடுத்தாங்களா? இல்ல. டெட்டால் ஊத்தி ரூம கழுவிட்டு போட்டோ எடுத்து சேர்மனுக்கு அனுப்பிட்டாங்க.

நாங்க கேக்கறது மாளிகை இல்ல. பாத்ரூமோட சேந்த ஒரு ரூம், ஒரு வேளை கஞ்சி, பயோமெட்ரிக்ல இருந்து விலக்கு, அந்த நாளுக்கு அட்டெண்டன்ஸ். எக்ஸிகியூட்டிவ் ரூம்ல ஒன்ன காலியா வச்சாலே போதும்.

அதுக்கு பதிலா நேத்து நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க: "தொற்று நோய் அறிகுறி உள்ள மாணவிகள் உடனே வார்டனிடம் தெரிவித்து அன்றே விடுதியை விட்டு வெளியேற வேண்டும், மறைத்தால் ரூ.5000 அபராதம்." ஊருக்கு பஸ் டிக்கெட் ஒரு பக்கம், வராத கிளாஸுக்கு கன்டோனேஷன் ஃபீஸ், அதாவது அட்டெண்டன்ஸ் குறைஞ்சா மன்னிச்சு விட கட்டற காசு ஒரு பக்கம், திங்காத சோத்துக்கு மெஸ் பில் ஒரு பக்கம்னு கணக்கு போட்டு பாத்தா மறைக்கறதுதான் சீப்புன்னு முதல் வருஷ பிள்ளைங்களே பேசிக்கறாளுங்க.