கப்பல் பெரிதாகிக்கொண்டே போனது, சண்டையைக் காணோம்

விண்வெளிப் போர் கேம்கள் ஏன் அழிந்தன என்று எங்கே பேச்சு எடுத்தாலும் முதலில் வரும் பதில் ஜாய்ஸ்டிக். அது போச்சு, அதோடு இதுவும் போச்சு என்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். நான் ரிச்சி தெருவில் ஆசை ஆசையாக வாங்கிய ஜாய்ஸ்டிக்கின் வயர் நுனியில் 15 பின் இருக்கும். சவுண்ட் கார்டின் பின்பக்கம் அதற்கென்றே ஒரு போர்ட் உண்டு. அடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில் அந்த போர்ட்டே கிடையாது. பின்னால் வந்த விண்டோஸ் விஸ்டா, கேம் போர்ட்டையே கைகழுவிவிட்டது. அந்த ஜாய்ஸ்டிக் ரொம்ப நாள் பரணில் கிடந்தது.

ஆனால் 2020 ஆகஸ்டில் விமானம் ஓட்டும் கேமான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வெளிவந்தபோது என்ன ஆயிற்று? பல நாடுகளில் கடைகளில் ஜாய்ஸ்டிக் ஸ்டாக் இல்லை. நிஜ விமானத்தின் ஒவ்வொரு ஸ்விட்சையும் மனப்பாடம் செய்யச் சொல்லும் டிசிஎஸ் வேர்ல்டுக்குக்கூட விடாப்பிடியான ஒரு கூட்டம் இருக்கிறது. ஓட்டத் தகுந்ததாக ஒன்று இருந்தால் ஜாய்ஸ்டிக்கை மக்கள் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். விண்வெளியில் அப்படி ஒன்று ஏன் இல்லாமல் போனது என்பதுதான் கேள்வி.

என் கட்சி இதுதான். இந்த கேம்களின் உயிர் விண்கலத்தில் இல்லை, கிராஃபிக்ஸில் இல்லை, ‘பிரபஞ்சம் எவ்வளவு பெரிசு’ என்பதிலும் இல்லை. யாரோ நடத்தும் ஒரு பெரிய போரில் நீ ஒரு சின்ன விமானி. காலையில் ஒரு அறையில் உட்கார வைத்து உத்தரவு சொல்வார்கள். போய்ச் செய்துவிட்டு உயிரோடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான். இந்த எளிய ஏற்பாட்டைத்தான் ஒவ்வொரு தயாரிப்பாளராகக் கைவிட்டார்கள். கைவிட்ட வரிசையில் முன்னால் நின்றவர் இந்த வகைக்கு உருவம் கொடுத்த கிறிஸ் ராபர்ட்ஸேதான்.

1990இல் ஆரிஜின் நிறுவனத்துக்காக அவர் செய்த விங் கமாண்டரை இப்போது பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் படங்கள்தான். ஆனால் அதற்குள் இருந்த ஒரு யோசனைக்கு இன்றைக்கும் ஈடு சொல்ல முடியாது. மிஷனில் தோற்றால் ‘திரும்ப ஆடு’ என்று பிடித்துத் தள்ளாது. தோல்வியை ஏற்றுக்கொண்டு கதை நகரும். டைகர்ஸ் க்ளா என்ற விமானந்தாங்கிக் கப்பல் அடுத்து எந்தப் பகுதிக்குப் போகும் என்பது நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைப் பொறுத்தது. தொடர்ந்து சொதப்பினால் கடைசியில் வேகா பகுதியையே விட்டுவிட்டுப் பின்வாங்குவதில் கேம் முடியும். அதுவும் ஒரு முடிவுதான். உங்களோடு பறக்கும் விங்மேன் செத்தால் செத்ததுதான். அவரோடு போக வேண்டிய மிச்ச மிஷன்களுக்குத் தனியாகப் போக வேண்டும். பாரில் ஒரு கரும்பலகை, அதில் யார் எத்தனை வீழ்த்தினார்கள் என்ற கணக்கு. நீங்களே செத்தால் சவப்பெட்டியை விண்வெளியில் அனுப்பும் இறுதிச் சடங்கைப் பார்த்துவிட்டுத்தான் மெனுவுக்கு வர முடியும்.

அப்புறம் லூகாஸ்ஆர்ட்ஸுக்காக லாரன்ஸ் ஹாலண்டின் குழு செய்த எக்ஸ்-விங் (1993), டை ஃபைட்டர் (1994). இரண்டும் ஸ்டார் வார்ஸ் கேம்கள். இரண்டாவதில் நீங்கள் பேரரசின் பக்கம், அதாவது வில்லன் பக்கம். நல்லவனாக ஆடியே பழகியவர்களுக்கு அதுவே ஒரு அதிர்ச்சி. அதைவிடப் பெரிய அதிர்ச்சி உங்கள் விமானம்தான். சாதாரண டை ஃபைட்டருக்கு ஷீல்டே, அதாவது சுடுவதைத் தாங்கும் கவசமே, கிடையாது. எதிரி குறிபார்த்து நாலு சுடு சுட்டால் முடிந்தது கதை. ஆகவே ஒவ்வொரு நொடியும் கணக்கு. இருக்கிற மின்சக்தியை லேசருக்குக் கொடுத்தால் எஞ்சின் மந்தமாகும், எஞ்சினுக்குக் கொடுத்தால் லேசர் தீரும். ஷீல்டு உள்ள விமானம் பின்னால் கிடைக்கும்போது அதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். ஷீல்டை முன்பக்கம் குவிப்பதா பின்பக்கமா என்ற தலைவலி வேறு. சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுக்கும் குடும்பத் தலைவியின் சாமர்த்தியம் வேண்டும் இதற்கு.

டை ஃபைட்டரில் எனக்கு மிகவும் பிடித்தது சண்டைகூட இல்லை. மிஷன் விளக்க அறையில் அதிகாரி ஒருவர் உத்தரவு சொல்வார். ஓரமாக முக்காடு போட்ட ஒரு ஆசாமி நிற்பான். அவனிடம் பேசினால் வேறு ஒரு வேலை தருவான், பேரரசரின் ரகசியக் குழுவுக்காக. ‘அந்தச் சரக்குக் கப்பலைக் கிட்டே போய்ச் சோதித்துப் பார்’ என்கிற மாதிரி. எல்லோரும் சண்டையில் மும்முரமாக இருக்கும்போது நீங்கள் மட்டும் நைசாக விலகி, கண்டெய்னர் கண்டெய்னராக உரசிப் பறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து வர வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ரகசியக் குழுவில் பதவி உயரும், கையில் பச்சை குத்துவார்கள். அதிகாரிக்குத் தெரியாது. ஒரே மிஷனுக்குள் இரண்டு விசுவாசங்கள்! இன்றைக்குக் கோடிகளைக் கொட்டிச் செய்யும் கேம்களில் இப்படி ஒரு கள்ளத்தனமான மகிழ்ச்சியை நான் அதிகம் பார்க்கவில்லை.

(இடையில் ஒரு வார்த்தை. விண்வெளியில் காற்றே இல்லையே, விமானம் மாதிரி எப்படித் திரும்பும் என்று கேட்கும் இயற்பியல் நண்பர்களுக்கு: ஸ்டார் வார்ஸ் சண்டைகளுக்கே இரண்டாம் உலகப் போர் விமானச் சண்டைக் காட்சிகளைத்தான் ஜார்ஜ் லூகாஸ் மாதிரியாக வைத்துக்கொண்டார். நியூட்டன் விதிப்படிதான் பறப்பேன் என்றால் 1997இல் வந்த ஐ-வார் இருக்கிறது. எஞ்சினை அணைத்தாலும் கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அருமையான கேம், பாதிப் பேர் நிறுத்தத் தெரியாமலே விட்டுவிட்டார்கள்.)

சரி, எங்கே தடம் மாறியது? சிடி வந்தது, சினிமா ஆசை வந்தது. 1994இன் விங் கமாண்டர் 3 நாலு சிடி. ஸ்டார் வார்ஸில் லூக் ஸ்கைவாக்கராக நடித்த மார்க் ஹாமில்தான் கதாநாயகன், கூடவே மால்கம் மெக்டவல். அடுத்த பாகம் ஆறு சிடி, செலவு சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர் என்றார்கள். அந்தக் காலத்து கேமுக்கு அது தலைசுற்றும் தொகை. இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. முதல் பாகத்தில் தோல்விக்கென்று ஒரு தனிப் பாதை போடுவது மலிவு. நாலு படம், நாலு வரி வசனம். அதையே நடிகர்களை வைத்துப் படம்பிடித்தால் ஒவ்வொரு கிளைக்கதைக்கும் காசு. பெரும்பாலானவர்கள் பார்க்காத தோல்விக் காட்சிக்கு எந்த முதலாளி பணம் கொடுப்பார்? படம் அழகாக ஆக, தோற்க அனுமதி குறைந்தது. ராபர்ட்ஸ் கடைசியில் நிஜமாகவே விங் கமாண்டரைத் திரைப்படமாக இயக்கினார். 1999 மார்ச்சில் வந்தது, படுத்துவிட்டது.

அதே 1999 செப்டம்பரில் வொலிஷன் நிறுவனம் செய்த ஃப்ரீஸ்பேஸ் 2 வந்தது. என்னைக் கேட்டால் இந்த வகையின் உச்சம் அதுதான். அதில் உங்களுக்குப் பெயரே கிடையாது. ஆல்ஃபா 1, அவ்வளவுதான். ஷிவன்கள் என்ற எதிரியின் ராட்சதக் கப்பல் ஒன்று, சதானஸ், வருகிறது. நம் பக்கத்தில் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய கொலோசஸ் என்ற கப்பல் காத்திருக்கிறது. உங்கள் வேலை சதானஸை அழிப்பது இல்லை, அது உங்களால் ஆகாது. அதன் முன்பக்கத்தில் நாலு பெரிய பீம் பீரங்கிகள். கொலோசஸ் மோதுவதற்கு முன்னால் அந்த நாலையும் செயலிழக்கச் செய்ய வேண்டும், எத்தனை முடிகிறதோ அத்தனை. பிறகு தள்ளி நின்று இரண்டு மலைகள் மோதுவதைப் பார்க்கலாம். ஜெயித்ததும் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். (ஆடாதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடவும்.) கொஞ்ச நேரத்தில் தெரிகிறது, அந்த மாதிரிக் கப்பல்கள் அவர்களிடம் எண்பதுக்கும் மேல். அவை கபெல்லா என்ற விண்மீனைச் சுற்றி நின்று அதையே வெடிக்க வைக்கின்றன. ஏன் செய்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை. அகதிகளின் கப்பல்களுக்குக் காவலாக நின்றுவிட்டு, நேரம் இருந்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் அங்கேயே சாகலாம். இரண்டுக்கும் முடிவுரை உண்டு.

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். விற்கவில்லை. மூன்றாம் பாகம் வரவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே ஸ்டார்கிராஃப்ட், ஹாஃப்-லைஃப் என்று வேறு வகை கேம்கள் வந்துவிட்டன. மவுஸும் கீபோர்டும் போதும், கற்றுக்கொள்ளத் தனிப்பாடம் வேண்டாம். பதிப்பாளர்களின் பார்வை டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பக்கம் திரும்பியிருந்தது. 2003இல் வந்த ஃப்ரீலான்சர் ஜாய்ஸ்டிக்கையே ஒதுக்கிவிட்டு மவுஸில் ஓடியது. அதையும் தொடங்கியவர் ராபர்ட்ஸ். நடுவில் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போய், அவர் விலகி, மற்றவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். நல்ல கேம்தான், ஆனால் அப்போதே ஆசை திசை மாறிவிட்டது: போர் வேண்டாம், திறந்த உலகம் வேண்டும்.

அந்த ஆசையின் முழு உருவம் 2012இல் வந்தது. கூட்டு நிதி திரட்டி ராபர்ட்ஸ் ஸ்டார் சிட்டிசனை அறிவித்தார், பிரிட்டனில் டேவிட் ப்ரேபன் எலீட் டேஞ்சரஸை அறிவித்தார். ப்ரேபனாவது 2014 டிசம்பரில் கையில் கொடுத்தார். பால்வெளி முழுவதும், 40,000 கோடி விண்மீன் தொகுதிகள், அப்படியே உள்ளே இருக்கின்றன. நானும் சுற்றினேன். நிலையத்தில் கப்பலை இறக்குவது சுகமான அனுபவம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே என்னை யாருக்கும் தேவையில்லை. சரக்கு ஏற்றலாம், இறக்கலாம், யாரையாவது சுடலாம், காசு சேர்த்து இன்னொரு கப்பல் வாங்கலாம். 40,000 கோடி இடங்களில் எங்கேயும் ‘நீ இன்று இதைச் செய்யாவிட்டால் அந்த மருத்துவக் கப்பல் போய்விடும்’ என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

ஸ்டார் சிட்டிசன் கதை ஊரறிந்தது. 2014இல் தருவதாகச் சொன்னார்கள். 2022இல் திரட்டிய தொகை 50 கோடி டாலரைத் தாண்டியது. இன்னும் கட்டி முடிக்காத கப்பல்களின் படத்தைக் காட்டி நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்கிறார்கள், மக்களும் வாங்குகிறார்கள். அதன் தனியாள் பகுதியான ஸ்க்வாட்ரன் 42தான் விங் கமாண்டரின் நேர் வாரிசு. அதிலும் மார்க் ஹாமில், கூடவே கேரி ஓல்ட்மேன். 2024 அக்டோபரில் மேடையேறி ‘2026’ என்றார்கள். வந்தால் முதல் ஆளாக ஆடுவேன். ஆனால் முப்பது ஆண்டுக்கு முன் செய்த அதே தப்புக் கணக்கை இன்னும் பெரிய பணத்தில் போடுகிறார் என்றுதான் தோன்றுகிறது. இத்தனை செலவில் எடுத்த காட்சிகளுக்கு நடுவே நான் தோற்பதற்கு இடம் வைத்திருப்பாரா?

‘சின்னதாகச் செய்தால் யார் வாங்குவார்கள்’ என்பவர்களுக்கு ஒரே ஒரு பதில். 2020 அக்டோபரில் இஏ என்ற பெரிய கேம் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ்: ஸ்க்வாட்ரன்ஸ். விலை 40 டாலர், உள்ளே தனியாகக் காசு பிடுங்கும் கடை இல்லை. லேசர், ஷீல்டு, எஞ்சின் என்று சக்தியைப் பங்கிடும் பழைய விளையாட்டு அப்படியே திரும்பி வந்திருந்தது. கதைப் பகுதி சுமார்தான், ஆனால் ஒரு கப்பலின் அடியில் உரசிக்கொண்டு பறக்கும்போது பழைய கை நடுக்கம் வந்தது. அதே ஆண்டு இறுதிக்குள் சில இலவசச் சேர்க்கைகளைக் கொடுத்துவிட்டு, இனி இல்லை என்று கடையைக் கட்டினார்கள். தொடர்ந்து காசு காய்க்காத மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்!

உருப்படியான வேலை நடப்பது ரசிகர்களிடம்தான். ஃப்ரீஸ்பேஸ் 2இன் மூல நிரலை வொலிஷன் 2002இல் வெளியிட்டது. அதை வைத்து ரசிகர்கள் வளர்த்த ஃப்ரீஸ்பேஸ் ஓபன் இன்றைய கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடுகிறது. அதன்மேல் ப்ளூ பிளானட் என்று ஒரு முழுத் தொடர்கதையை எழுதியிருக்கிறார்கள். 2012இல் விங் கமாண்டர் சாகா என்று ஒரு முழு கேமையே அதன்மேல் கட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. அந்த மிஷன்களில் எழுத்து தெரிகிறது, யோசனை தெரிகிறது, தோற்றால் அடுத்து என்ன என்று ஒருவர் உட்கார்ந்து கவலைப்பட்டது தெரிகிறது.

ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: டை ஃபைட்டர் 2014 முதல் ஜிஓஜி என்ற கேம் விற்கும் இணையதளத்தில் கிடைக்கிறது. ஃப்ரீஸ்பேஸ் 2உம் அங்கேயே இருக்கிறது. வாங்கி ஃப்ரீஸ்பேஸ் ஓபனோடு சேர்த்து ஓட்டுங்கள், அப்படியே ஓட்டினால் படம் பழசாகத் தெரியும். யூஎஸ்பி ஜாய்ஸ்டிக் சாதாரணமானதே போதும். மவுஸில் ஆட முடியுமா என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: முடியும், ஆனால் டை ஃபைட்டரில் அந்த முக்காடு ஆசாமியின் வேலைகளை மவுஸில் முடித்தவர் யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கும் சொல்லித்தாருங்கள்.