செரட்டோனின் குறைவு மட்டுமே காரணமா?

செரட்டோனினும் டோபமினும் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள். செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு வரும், டோபமின் கூடினால் மகிழ்ச்சி பெருகும் என்று இவற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றில் எழுதப்பட்டிருப்பது எளிதில் புரிகிறது. ஆனால் உண்மை அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை. உடலிலுள்ள செரட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது. அது மூளைக்குள் நேரடியாக நுழைவதில்லை என்பதால், குடலில் அதைப் பெருக்கினாலே மனம் தெளியும் என்னும் விளம்பரங்களை (அவை இப்போது ஏராளம்) அப்படியே நம்ப இயலாது. செரட்டோனின் மறுஉறிஞ்சலை (நரம்பணுக்கள் தாம் வெளியிட்ட செரட்டோனினை மீண்டும் உள்ளிழுத்துக்கொள்வதை) தடுக்கும் மனச்சோர்வு மருந்துகள் சில மணி நேரத்திலேயே செயல்படத் தொடங்கினாலும், மனநிலையில் தெளிவான முன்னேற்றம் தெரியப் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகின்றன; வெறும் பற்றாக்குறைதான் நோய் என்றால் இந்தத் தாமதத்தை விளக்குவது கடினம். டோபமினோ, இன்பத்தைவிட அதை எதிர்பார்த்து நாடும் உந்துதலோடுதான் நெருங்கிய தொடர்புடையது. இதனால் மனச்சோர்வுக்கான அம்மருந்துகள் வீண் என்றாகிவிடாது. பலருக்கு அவை பயன்படுகின்றன, மருத்துவரைக் கேளாமல் எவரும் அவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது.